ஹாஸ்பிஸ் எந்த வீட்டின் பெயர்?

ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஹாஸ்டல். இந்த மூன்று சொற்களும் தெரியாத தமிழர் இன்று இல்லை. கிராமத்துப் பாட்டிக்கும் மூன்றும் தெரியும். அவை அயல்மொழியிலிருந்து வந்தவை என்ற நினைப்புகூட அவருக்கு இருக்காது. இந்த மூன்றுக்கும் கூடப்பிறந்த நான்காவது சொல் ஒன்று உண்டு. அது மட்டும் நம் தெருவுக்குள் வரவே இல்லை. 'ஹாஸ்பிஸ்' என்பது அந்தச் சொல். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இதைச் சொல்ல நேர்ந்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். கேட்பவர் 'ஹாஸ்பிட்டல்' என்று தமக்குள் திருத்திக்கொள்கிறார். விளக்கம் சொன்ன பிறகு முகம் மாறிவிடுகிறது. "சாகப்போறவங்கள வைக்கிற எடமா? எங்க பிள்ளைக்கு எதுக்குங்க அது?"

அந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. பெற்றவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் இந்தச் சொல் நடந்து வந்த வழியைப் பின்தொடர்ந்து போனால், சாவின் பெயராக அது பிறக்கவில்லை என்பது தெரிகிறது. குணமாகும் வாய்ப்பில்லாத நோயோடு வாழும் குழந்தைக்கும் அதன் வீட்டாருக்கும் கிடைக்க வேண்டிய உதவி, ஒரு பெயரின்மேல் படிந்த அச்சத்தால் வாசலோடு நின்றுபோகிறது. இந்தப் பெயரின் கதையை எழுத எனக்குக் காரணம் அதுதான்.

லத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்றொரு சொல். விருந்தினர் என்றும் அதற்குப் பொருள். விருந்தினரை ஏற்று உபசரிப்பவர் என்றும் பொருள். இருவருக்கும் ஒரே பெயர். இன்று நீ என் வீட்டுக்கு வந்தால் நாளை உன் ஊரில் உன் கதவு எனக்குத் திறக்கும் என்ற பழைய உடன்பாடு அதற்குள் இருக்கிறது. இச்சொல்லின் முற்பகுதியில் உள்ள வேர் அயலாரைக் குறிப்பது. அதே வேரிலிருந்து 'ஹோஸ்டிஸ்' என்ற சொல்லும் கிளைத்தது. முதலில் வெளியூராரையும் பின்னர் பகைவரையும் அது குறித்தது. ஆங்கிலத்தின் 'கெஸ்ட்' என்ற சொல்லும் இந்த வேர்தான். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது அவரை என்னவாகக் கொள்வது என்ற கேள்விக்கு, ஒரே வேர் இரண்டு விடைகளையும் தந்துவிட்டது.

நம் 'விருந்து' நடந்த வழியும் இதற்கு வெகு அருகில் போகிறது. செய்யுளின் எட்டு வனப்புகளைச் சொல்லும் தொல்காப்பியம் அவற்றுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயரிடுகிறது. அங்கே சோறும் இல்லை, விருந்தாளியும் இல்லை. புதிது என்பதே பொருள். புதிது என்ற சொல் புதிதாக வந்தவருக்கு ஆகி, அவருக்குப் படைக்கும் உணவுக்கு ஆகி, இன்று கல்யாண மண்டபத்து இலையில் வந்து நிற்கிறது. பழைய பொருளில் பார்த்தால் அத்தையும் மாமனும் விருந்து ஆகமாட்டார்கள். யாரென்று தெரியாமல் வந்தவர்தான் விருந்து.

ஹோஸ்பெஸ் தங்கும் இடம் 'ஹோஸ்பிடியம்'. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது ஹாஸ்பிஸ். ஐரோப்பாவின் இடைக்காலத்தில் யாத்திரை போகிறவர்கள் இளைப்பாறும் சத்திரத்துக்கு இந்தப் பெயர். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலைக் கணவாயில், ஏறக்குறைய 2,470 மீட்டர் உயரத்தில், 11ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட புனித பெர்னார்டு சத்திரம் இவற்றில் புகழ்பெற்றது. பனியில் வழி தவறியவர்களைத் தேடிப் போன பெரிய நாய்களுக்கு இன்றுவரை அந்தச் சத்திரத்தின் பெயர்தான். வந்தவர்களில் நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள், நோயாளிகள் இருந்தார்கள், சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். ஆனால் இறக்கப் போகிறார்கள் என்பதற்காக யாரையும் அங்கே சேர்க்கவில்லை. வழியில் களைத்தார்கள் என்பதற்காகச் சேர்த்தார்கள்.

இப்படியொரு இடம் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் புகார் நகரத்து உலக அறவி என்னும் அம்பலம், பார்வையற்றவர்களும் நோயாளிகளும் யாருமற்றவர்களும் வந்து சேரும் பொதுவிடம். காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. 'ஆதுர' என்ற வடசொல்லே தமிழில் 'ஆதுலர்' ஆயிற்று. நோயுற்றவர் என்று பொருள். மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பதுவரை அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பேணும் கையையும் கணக்கில் எழுதி வைத்த ஊர் இது.

வழிப்போக்கருக்குரிய பெயர் சாவை நெருங்கியவருக்குரியதாக எப்போது குறுகியது? வரலாற்றாசிரியர்கள் காட்டும் இடம் பிரான்சின் லியோன் நகரம்; காட்டும் ஆள் ழான் கார்னியே. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். 1842இல் தம்மைப் போன்ற கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தீராத நோயால் ஒதுக்கப்பட்ட பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். பிறகு அவர்களுக்கென்று ஓர் இல்லமும் திறந்தார். இந்தச் சொல்லின் புதிய கிளை தொடங்கும் இடத்திலேயே புத்திர சோகம் தாங்கிய ஒரு தாய் நிற்கிறார் என்பதைப் படித்தபோது சற்று நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அதன்பின் 1879இல் டப்ளினிலும் 1905இல் லண்டனின் ஹாக்னி பகுதியிலும் அயர்லாந்துக் கன்னியர் இதே பெயரில் இல்லங்கள் திறந்தார்கள்.

அந்த லண்டன் இல்லத்தில் 1950களின் இறுதியில் வேலைக்கு வந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, வலியைப் பற்றிப் பேசினால் மருத்துவர் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் என்பதற்காகவே முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவம் படித்தவர். வலி வந்து துடிக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கணக்கு வைத்து, வலி திரும்பும் முன்பே மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று அவர் நிறுவினார். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய வலி, எனக்கு ஏன் இது என்ற வலி எல்லாம் சேர்ந்த ஒன்றை 'முழுவலி' என்று பெயரிட்டார். 1967இல் தெற்கு லண்டனில் அவர் திறந்த இல்லத்துக்குப் புனித கிறிஸ்டோபரின் பெயர். வழிப்போக்கர்களின் காவலர் என்பதால் அந்தப் பெயரைத் தேர்ந்தார். கிறிஸ்டோபரின் கதை என்ன தெரியுமா? ஒரு குழந்தையைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடந்தவர். குழந்தைகளுக்கு ஹாஸ்பிஸ் என்ற எண்ணமே இல்லாத காலத்தில், அந்தப் பெயருக்குள் ஒரு குழந்தை இருந்திருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் இந்தப் பெயர் ஒரு தடையில் முட்டியது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், சாண்டர்ஸிடம் கற்றுக்கொண்டு போய் 1975இல் தம் மருத்துவமனையில் ஒரு பிரிவு தொடங்கினார். அங்கே பேசுவது பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர் காதில் ஹாஸ்பிஸ் என்றால் கதியற்றவர்களை அடைக்கும் விடுதி. எனவே அவர் வேறு சொல் தேடி 'பாலியேட்டிவ்' என்பதை எடுத்தார். அதன் மூலம் 'பாலியம்': லத்தீனில் மேலே போர்த்தும் போர்வை. இதே சொல்லுக்குக் குற்றத்தை மூடி மறைத்தல் என்றொரு பொருளும் ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவத்தில் நோயின் வேரைத் தொடாமல் வேதனையை மட்டும் மட்டுப்படுத்துவது என்ற பொருளில் சற்று இளக்காரமாகவே வழங்கியது. மவுண்ட் அந்த இளக்காரத்தைக் கழற்றிப் போட்டுப் பழைய போர்வையை எடுத்துக்கொண்டார்.

போர்வை என்றதும் நமக்குப் பேகன் நினைவு வராமல் இருக்காது. மழைக்குளிரில் மயில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். மயில் கேட்கவில்லை; மயிலுக்குப் போர்வை உடுத்தத் தெரியாது; மயில் குளிரால்தான் ஆடியதா என்றும் தெரியாது. பள்ளியில் இதைக் கொடைமடம் என்று படித்தோம். குழந்தையின் வலியைப் பற்றிப் படித்தபின் இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கைக்குழந்தைக்கு 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. புருவம் சுருங்குவதையும், கால் மடங்குவதையும், ஏந்திக்கொண்டாலும் அழுகை ஓயாததையும் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் முறைகளைக் குழந்தை மருத்துவர்கள் இன்று வைத்திருக்கிறார்கள். கேளாத உயிர் நடுங்குவதைப் பார்த்துப் புரிந்துகொள்வது அங்கே படிப்பின் ஒரு பகுதி.

பெரியவர்களுக்கு இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. 1978இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பகுதியில், ஹெலன் என்ற இரண்டு வயதுச் சிறுமிக்கு மூளையில் கட்டி. அறுவையில் உயிர் தப்பியது. ஆனால் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் வீடு திரும்பினாள். ஆக்ஸ்போர்டில் ஒரு கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்த சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா, குழந்தைகள் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். அந்தக் குடும்பத்துக்கு நண்பரானவர். பெற்றோர் ஒரு நாளாவது படுத்துத் தூங்கட்டும் என்று, ஹெலனைச் சில நாள் தம்மோடு மடத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஹெலன் வந்து தங்கினாள். போனாள், மறுபடி வந்தாள். இந்த உதவி இன்னும் எத்தனை வீடுகளுக்குத் தேவைப்படும் என்ற பேச்சிலிருந்து, 1982 நவம்பரில் அந்த மடத்துத் தோட்டத்தில் ஒரு வீடு எழுந்தது. உலகில் குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட முதல் ஹாஸ்பிஸ். பெயர் 'ஹெலன் இல்லம்'.

இந்தப் பெயரைக் கவனியுங்கள். அதில் நோயின் பெயர் இல்லை. கொடையாளர் பெயர் இல்லை. முதலில் வந்து தங்கிய விருந்தினரின் பெயர் இருக்கிறது. ஹோஸ்பெஸ் என்ற சொல்லின் பழைய பொருள் இங்கேதான் முழுசாகத் திரும்பியது என்று சொல்வேன். ஒரு குழந்தை வரும். அதன் அம்மா அப்பாவும் வருவார்கள். அண்ணனும் தங்கையும், வளர்க்கும் நாய்கூட வரலாம். சில நாள் தங்குவார்கள், திரும்பிப் போவார்கள், ஆண்டுக்குச் சில முறை வருவார்கள். பல குழந்தைகள் பல ஆண்டுகள் இப்படி வந்து போகிறார்கள். இரவு முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைத்த தாய், அங்கே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்கலாம். இந்தச் சிறு ஓய்வுக்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்பிட்' என்று பெயர். மரியாதை என்ற பொருளில் நாம் வழங்கும் 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லும் அதுவும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. திரும்பிப் பார்த்தல் என்பது அதன் முதற்பொருள்.

அந்த வீட்டில் 'சின்ன அறை' என்று ஓர் அறை உண்டு. மற்ற அறைகளைப் போலவே அதிலும் கட்டில் இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது. குளிர் மட்டும் அதிகம். குழந்தை இறந்தபின் அடக்கம் நடக்கும்வரை அதன் சொந்தத் துணியோடும் பொம்மையோடும் அங்கே படுத்திருக்கும். பெற்றோர் வேண்டும்போது போய் உட்காரலாம், தலையைத் தடவலாம், கதை சொல்லலாம். தம்பி வந்து ஒரு படம் வரைந்து பக்கத்தில் வைக்கலாம். யாரும் நேரம் முடிந்தது என்று சொல்லமாட்டார்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் வழக்கம் மனத்தை உறுத்துகிறது. சின்னக் குழந்தை இறந்தால் எரிப்பதில்லை, புதைப்பது என்பது நம்மிடம் பரவலான வழக்கம். பதினாறாம் நாள் காரியம் பல சமூகங்களில் கிடையாது. பெரியவர் இறந்தால் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். குழந்தை இறந்த வீட்டில் அன்று மாலையே எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் வருகிறவர்கள், "அதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காத, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாய்க்கு அழுவதற்கென்று யாரும் ஒரு நாளைக்கூட ஒதுக்கித் தரவில்லை. குழந்தைகளுக்கான இந்தப் பணியில் இருப்பவர்கள், சாவுக்குப் பின்னும் மாதக்கணக்காக அந்த வீட்டோடு தொடர்பு வைத்திருப்பதைத் தங்கள் வேலையின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். பிறந்த நாளன்று ஒரு தொலைபேசி அழைப்பு. பெயரைச் சொல்லிப் பேசுவதற்கு ஓர் ஆள்.

பிரிட்டனில் இந்த இல்லங்கள் பெருகியபோது வேறொரு சொல்லும் இடம் மாறியது. இத்தகைய குழந்தைகளை 'டெர்மினல்' என்று சொல்லிவந்தார்கள். 'டெர்மினஸ்' லத்தீனில் எல்லைக்கல். வண்டிப்பாதை முடியும் இடத்துக்கு அது ஆகிவந்து, நம் பஸ் டெர்மினஸ் வரை வந்துவிட்டது. எல்லாரும் இறங்கு என்று சொல்லும் சொல். அதற்குப் பதிலாக 'வாழ்நாளைக் குறுக்கும்' நோய் என்ற பொருளில் 'லிமிட்' என்ற சொல்லைச் சேர்த்து வழங்கத் தொடங்கினார்கள். 'லீமெஸ்' என்பது அதன் மூலம். வயலுக்கும் வயலுக்கும் நடுவே போகும் வரப்பு. இதுவும் எல்லைதான், ஆனால் இதன்மேல் நடக்கலாம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் நிஜமான காரணம் இருந்தது. 1997இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர்கள் யார் யாருக்கு இந்த உதவி வேண்டும் என்று வகுத்தபோது, சாவுப் படுக்கையில் இருக்கும் குழந்தை அதில் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது. புற்றுநோய் போல, குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் ஒரு பிரிவு. டூஷேன் தசைச்சிதைவு போல, சிகிச்சையால் நெடுநாள் நன்றாக வாழ்ந்தாலும் ஆயுள் குறையும் நோயுள்ளவர்கள் இன்னொரு பிரிவு. தொடக்கத்திலிருந்தே மருந்தில்லாமல் வளரும் மரபணு நோய்கள் ஒன்று. நோய் வளராவிட்டாலும், கடுமையான மூளை முடக்குவாதத்தால் அடிக்கடி நெஞ்சுச் சளியும் வலிப்பும் வந்து உயிருக்கு ஆபத்தாகும் குழந்தைகள் மற்றொன்று. நம் ஊரில் இந்தக் கடைசிப் பிரிவுக் குழந்தைகள் எத்தனை வீடுகளில் பின்னறைக் கட்டிலில் இருக்கிறார்கள் என்பதை அக்கம்பக்கம் அறியும். அவர்களுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டென்று யாரும் அவர்கள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே சொல்லிவிட்டது: நோய் இன்னதென்று தெரிந்த நாளிலேயே இந்தப் பராமரிப்பு தொடங்க வேண்டும்; குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 கோடியே 10 லட்சம் குழந்தைகளுக்கு இது தேவைப்படுகிறது என்று 2017இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள்.

இந்தியாவில் ஹாஸ்பிஸ் என்ற சொல் 1986இல் மும்பையின் பாந்த்ராவில் திறந்த 'சாந்தி அவேத்னா சதன்' வழியாக வந்தது. ஆனால் இந்தப் பணி மக்களிடம் போய்ச் சேர்ந்தது கேரளத்தில், 'பாலியேட்டிவ்' என்ற பெயரோடு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய ஒரு சிறு சங்கம், ஊர்மக்களையே பயிற்றி வீடுவீடாக அனுப்பியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், பிறகு 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அமைப்புக்கு 'பாலியம் இந்தியா' என்று பெயரிட்டார். அந்தப் பழைய போர்வை. மலையாளத்தில் சாந்த்வனம் என்ற அழகான சொல் இருக்கிறது. அரசு அதை வழங்குகிறது. ஆனால் ஊரில் பேசுகிறவர்கள் 'பாலியேட்டிவ்காரர் வந்தார்கள்' என்றே சொல்கிறார்கள். வாயில் நுழையாத லத்தீன் சொல், வாரந்தோறும் ஜீப்பில் வந்து இறங்கிய நர்ஸோடும் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரோடும் சேர்ந்து வந்ததால் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சொல்லின்மேல் அச்சம் படிவதும் கரைவதும் அதைக் கொண்டுவந்த ஆளைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், 2007இல் தன் 'பாலியேட்டிவ்' பிரிவின் பெயரை 'ஆதரவுச் சிகிச்சை' என்று பொருள்படும்படி மாற்றியது. செய்யும் வேலையில் மாற்றமில்லை. பெயர்ப்பலகை மாறியபின் அந்தப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 41 சதவீதம் கூடியது. புறநோயாளிகள் முன்பைவிடச் சீக்கிரமாகவும் அனுப்பப்பட்டார்கள். பெயருக்கு அஞ்சியவர்கள் நோயாளிகள் மட்டுமல்ல. அனுப்பிவைக்க வேண்டிய மருத்துவர்களும் தயங்கியிருக்கிறார்கள்.

தமிழில் என்ன பெயர்? கலைச்சொல் அகராதிகள் நோய்த்தணிப்பு என்கின்றன. நல்ல சொல்தான், தணல் தணிவதும் தாகம் தணிவதும் அதில் கேட்கிறது. ஆனால் தணிவது நோயன்று, வேதனை. அதனால் எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. மருத்துவமனைகளில் 'வலி நிவாரணப் பிரிவு' என்ற பலகை உண்டு. மூட்டுவலிக்காரரும் அங்கே போய் நிற்பார். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீடு தேடி வரும் பணிகளில் ஒன்றாக இதைச் சேர்த்து 'நோய் ஆதரவு சேவை' என்று பெயரிட்டது. ஹூஸ்டன்காரர்கள் கணக்குப் பார்த்துத் தேர்ந்த அதே சொல் நமக்கு அரசாணை வழியாக வந்துவிட்டது. ஆதரவு, வடமொழி 'ஆதர' என்பதிலிருந்து வந்தது. அன்பும் மதிப்பும் அதன் முதற்பொருள். தேர்தல் சுவர்களில் எழுதி எழுதித் தேய்ந்த சொல் ஒன்று இந்த இடத்தில் தன் பழைய பொருளோடு நிற்பது எனக்கு மகிழ்ச்சி. என் ஓட்டு இந்தப் பெயருக்கே.

இந்தப் பெயர்கள் எதுவும் வழக்கில் ஊன்றாததால், நம் வீடுகளில் இதற்கு இன்று இருக்கும் பெயர் ஒரு வாக்கியம்: "டாக்டர் கைய விரிச்சிட்டாரு." கைவிரித்தல் என்றால் கையில் ஒன்றுமில்லை என்று காட்டுதல். குழந்தையை ஆதரவுப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிரித்ததாகவே வீட்டார் கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவில் இருப்பவர்கள் கையில் நிறைய இருக்கிறது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுவதை ஒரு நர்ஸ் அம்மாவுக்குச் செய்து காட்டுவார். நாலு மணிக்கொரு தரம் கொடுக்க வேண்டும் என்பார். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். "பழக்கமாயிடாதா சிஸ்டர்?" என்று அம்மா கேட்பார். வலிக்காக, மருத்துவர் அளந்த அளவில் கொடுக்கும்போது அடிமைப்பழக்கம் ஏற்படுவது அரிது என்பதைப் பொறுமையாக விளக்குவார். இந்த மருந்து கிடைப்பதே நம் நாட்டில் நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. 1985இன் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளைப் பல உரிமங்களுக்கு அலையவைத்தது; 2014இல் வந்த திருத்தம்தான் வழியை ஓரளவு எளிதாக்கியது.

பாஸ்டன் நகரத்தில், புற்றுநோயால் பிள்ளையை இழந்த 103 பெற்றோரிடம் கேட்டு 2000இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கடைசி மாதத்தில் ஏதாவதொரு தொல்லையால் தம் குழந்தை மிகவும் வேதனைப்பட்டதாக அவர்களில் 89 சதவீதம் பேர் சொன்னார்கள். உலகின் சிறந்த மருத்துவமனைகள் சிலவற்றில் நடந்தது இது. குழந்தையைக் காப்பாற்றும் முயற்சியில் யாரும் குறை வைக்கவில்லை. வலியைக் கவனிக்கத்தான் ஆள் வைக்கவில்லை. அங்கே குழந்தைகளுக்கான தனிக் குழுக்கள் வலுப்பட இந்த ஆய்வும் ஒரு காரணம்.

வீட்டில் அந்த ஆள் யார்? திருக்குறள் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து; நான்காவது, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நடப்பவர், உடனிருந்து மருந்து தருபவர். குழந்தையின் நோயில் இந்த நான்காவது உறுப்பு பெரும்பாலும் தாய். அதனால் வேலையை விட்டவளும் அவள்தான். மூத்த பிள்ளையை ஆத்தா வீட்டில் விட்டிருப்பார்கள். அவன் எதுவும் கேட்காமல் இருப்பதைப் பார்த்து, புத்திசாலிப் பையன் என்று எல்லாரும் மெச்சுவார்கள். அப்பா மருத்துவமனை வாசலுக்கும் வட்டிக்கடைக்கும் நடுவே இருப்பார். சொந்தக்காரர்கள் மெல்ல வராமலாகிவிடுவார்கள். வந்து என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம்தான் காரணம். தன் தெருவிலேயே அந்தக் குடும்பம் அயலாகிவிடுகிறது. ஆதரவுப் பணி என்பதில் மூத்த பையனோடு தனியாக உட்கார்ந்து பேசுவதும், வட்டிக்குப் போகாமல் எந்த அரசு உதவியை எப்படி வாங்குவது என்று சொல்வதும் சேர்த்தியே. அதற்குப் படித்த சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரால் ஆவதும் உண்டு: சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்வது. 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்பதை யாரும் பயன்படுத்துவதில்லை.

ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் நாள். அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, குழந்தைகளுக்காகத் தொப்பி அணியும் நாளாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளிகளில் இதைச் செய்யலாம். செலவில்லை, தொப்பி எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் போதும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மையத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஆதரவுப் பணிக்கான பிரிவுகள் நடக்கின்றன. சென்னையில் 'கோல்டன் பட்டர்ஃபிளைஸ்' என்ற அமைப்பு குழந்தைகளுக்கென்றே இந்தப் பணியைச் செய்கிறது. மாவட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகளில் நோய் ஆதரவுப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் கேட்கலாம். பிள்ளையின் நோய் பெரிதென்று தெரிந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "சார், வைத்தியம் நடக்கட்டும். அது நடக்கும்போதே வலிக்கும் எங்களுக்கும் துணையா ஆதரவுப் பிரிவுக்காரங்களையும் பாக்கணும். யாரைப் பாக்கட்டும்?"